ஒரு தடுப்புக்கு ஒரு மாடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி போட்டால் அதன் கைப்பிடியில் சாய்வார், சாய்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுவார். நின்றபடியே சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவும்போதுதான் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நகரத்தின் பாதி லிஃப்டுகள் அவர் சட்டைப் பையில்தான் குடியிருந்தன. போன் அடித்தால் எங்கோ ஒரு பெட்டிக்குள் யாரோ வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அடிக்காவிட்டால், ஏன் அடிக்கவில்லை என்று எடுத்துப் பார்ப்பார்.

அந்தப் போன் வாயை மூடும் இடம் ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் சுற்றும் மெஷின் ரூம். உள்ளே போகுமுன் போனை அணைத்துக் கருவிப் பையில் போட்டுவிட வேண்டும். கவனம் கொஞ்சம் சிதறினாலும் ஓடுகிற கயிற்றில் விரல் போய்விடும். மற்ற விதிகளையெல்லாம் வளைக்கிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் மீறியதில்லை. “அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சிட்டா வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது” என்று அலுத்துக்கொள்வாள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி.

இவர்களுக்கு ஒரே மகள், ஏழாம் வகுப்பு, பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். சனிக்கிழமைதோறும் ஆட்டம். அணியின் தடுப்பு வரிசை பலமானது. அதிலும் ‘நெட்டை’ என்று எல்லோரும் கூப்பிடும் அவளுடைய உயிர்த்தோழி நடுவில் நின்றுவிட்டால், பந்து அவளைத் தாண்டி வருவது குதிரைக்கொம்பு. அதனால் மகள் கம்பங்களுக்கு நடுவே நின்று கையுறையை இறுக்குவாள், தளர்த்துவாள், புல்லைப் பிடுங்குவாள். அப்பா கோட்டோரமாக நடையாய் நடந்து தேய்வார்.

“ஆட்டம் பூரா சும்மாவே நின்னியே பாப்பா!” என்றார் ஒருநாள் ஸ்கூட்டரில்.

“பந்து வந்தாத்தானேப்பா பிடிக்க முடியும்?”

வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாசம் முழுக்க லிஃப்ட் நிக்காம ஓடினா, ‘உனக்கு இங்க என்னய்யா வேலை’ன்னு அந்த அபார்ட்மெண்ட் செகரட்டரி கேக்கறாருன்னு குதிப்பீங்களே. இப்ப நீங்களே செகரட்டரி ஆயிட்டீங்களா?”

“அது வேற, இது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். நல்லவேளை, போன் அடித்தது.

மைதானத்துக்கு வரும் மற்ற அப்பாக்கள் ஒரு கோலுக்கு ஒரு பீட்சா என்று பேரம் பேசுவதை அவர் கேட்டிருக்கிறார். கோல் போடுகிறவளுக்குப் பரிசு உண்டென்றால் தடுக்கிறவளுக்கு மட்டும் ஏன் கிடையாது? மகளிடமே கேட்டார், என்ன வேண்டுமென்று. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“அந்த இருபது மாடி பில்டிங் இருக்குல்ல, அதோட மெஷின் ரூமுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களிலேயே உயரமானது அதுதான். மேலே நின்றால் ஊரே தெரியும். பிள்ளைக்கு வேடிக்கை பார்க்க ஆசை போல என்று நினைத்துக்கொண்டார்.

“சரி. ஒரு பந்தைத் தடுத்தா ஒரு மாடி. உச்சிக்கு வந்ததும் கூட்டிட்டுப் போறேன்.”

தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த சனிக்கிழமை இரண்டு மாடி, அதற்கடுத்தது மூன்று. மகள் பாய்ந்தாள், உருண்டாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அப்பா கோட்டோரமாக ஓடி “ஆறாவது மாடி!” என்று கத்தியதைப் பார்த்து, மற்றவர்கள் மனுஷனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். கோச் மேடம் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.

“கீப்பர் பிரமாதமா ஆடறா சார். ஆனா தடுப்புலதான் எங்கேயோ ஓட்டை விழுது.”

அவர் சொன்னதில் முதல் பாதியை வீட்டுக்கு எடுத்துப் போன அப்பா, இரண்டாவது பாதியை மைதானத்திலேயே விட்டுவிட்டார்.

பதினெட்டு மாடி ஏறியிருந்த நிலையில் வந்தது அந்த ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைதானத்தையே சுற்றி வந்து கோல் வலைக்குப் பின்னால் நின்றார். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். நெட்டை குறுக்கே காலை நீட்டப் போனாள். அப்போதுதான் மகளின் குரல் கேட்டது, தாழ்வாக, அவசரமாக.

“விடு நெட்டை, விடு! வரட்டும்!”

நெட்டையின் கால் அப்படியே நின்றது. பந்து வந்தது. மகள் பாய்ந்து குத்தி வெளியே தள்ளினாள். கூட்டம் கைதட்டியது. ‘பத்தொன்பது’ என்று நாக்கு நுனிவரை வந்தது தொண்டைக்குள் திரும்பிப் போனது. நன்றாக ஓடும் லிஃப்டைத் தாங்களே கெடுத்து, தாங்களே சரிசெய்து பேர் வாங்கும் ஆட்கள் அவர் தொழிலில் உண்டு. அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் “விடு” கேட்டது. இம்முறை பந்து மகளின் விரல்களுக்கு அப்பால் மூலையில் போய் விழுந்தது. கோல்.

“காலை நீட்டினா கிடைக்கிற பந்து! வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே!” என்று கோச் மேடம் நெட்டையை வெளியே கூப்பிட்டார். அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். தொப்பிக்காரர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். மகள் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கோட்டோரமாக இந்த மூலைக் கொடியிலிருந்து அந்த மூலைக் கொடிக்கும் அங்கிருந்து இங்கேயும் நடந்தார். வாயை மூடிக்கொண்டால் மகளுக்கு மாவட்ட அணி கிடைக்கலாம், நெட்டைக்கு இந்த வருஷம் போச்சு. வாயைத் திறந்தால் தன் பிள்ளையைத் தானே தள்ளிவிட்டது மாதிரி. திறக்க அவருக்கு மனசே இல்லை. ஆனால் சட்டைக்குள் முகத்தை வைத்திருந்த அந்தப் பெண்ணைத் தாண்டி ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டியிருந்தது. இடைவேளை விசில் ஊதியதும் நேரே கோச்சிடம் போனார்.

“மேடம், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. விடச் சொன்னது என் பொண்ணு. அவளைச் சொல்ல வெச்சது நான்.” மாடிக் கணக்கைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

கோச் மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பிள்ளைங்களை விளையாட விடுங்க சார்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது பாதியில் நெட்டை உள்ளே போனாள், கம்பங்களுக்கு நடுவே வேறொரு பெண் நின்றாள். பெஞ்சுக்கு வந்த தோழியை நெட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொப்பிக்காரர்கள் போகும்போது பெயர் கேட்டது நெட்டையிடம் மட்டும்தான்.

திரும்பும்போது மகள் அவர் இடுப்பைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் ஒரு பூட்டிய கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“அப்பா மேல கோபமா?”

“ஒரே ஒரு மாடிதான் பாக்கி இருந்துச்சு.”

“அட, அங்க அப்படி என்னதான் இருக்கு? ஊர் தெரியும், காத்தடிக்கும். வேற எங்கேயாவது உயரத்துல ஏத்திக் காட்டறேன்.”

“ஊரைப் பாக்கவா கேட்டேன்?” குரல் உடைந்துவிட்டது. “அங்க போனாத்தான் உங்க போன் அடிக்காது.”

எத்தனை சனிக்கிழமை, எத்தனை பாய்ச்சல், எத்தனை சிராய்ப்பு! ஏதாவது சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பை அதிர்ந்தது. கை தானாக மேலே போயிற்று. மகள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் கையை இறக்கி வண்டியின் கைப்பிடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

“எடுங்கப்பா” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யாராவது உள்ள மாட்டிக்கிட்டு இருப்பாங்க.”