கண்ணுக்காக ஒருபொழுது

நாலாம் பாரத்தில் படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம் கணக்கு டீச்சரின் முகத்தில் பாதி காணாமல் போயிற்று. ஒரு கண், ஒரு கன்னம், மூக்கில் பாதி, எதுவும் அங்கே இல்லை. மீதி முகம் கரும்பலகை முன்னால் நின்று வட்டத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். போன பாதி வரவில்லை. அந்த இடத்தில் பல்லுப் பல்லாக ஒரு வெளிச்சக் கோடு நெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் பாதி முகம்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் எல்லார் முகமும் திரும்பி வந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வலது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. நாடி துடிக்கிறதே, அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி. பள்ளிக்கூடம் விட்டு, திருவனந்தபுரத்தில் எங்கள் வீடு இருந்த ஸ்ரீவராகத்துக்கு நடந்து வரும் வழியில் நேந்திரங்காய் வறுவல் போடும் கடை ஒன்று உண்டு. மற்ற நாளில் அங்கே வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். அன்று அந்தத் தேங்காயெண்ணெய் வாசனை பட்டதுமே ஓடைப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தேன். வீட்டில் வெயில் என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தேன்.

வெறும் தலைவலியாக இருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் பெரியப்பா. அப்பாவின் அண்ணா. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். முப்பது வயதில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர், முத்து முத்தான கையெழுத்தாம். வீட்டுக்கு யார் வந்தாலும் கண் போன கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"மொதல்ல தலைவலிதான் வந்துது. பித்தம்னா. சரின்னேன். அப்பறம் பாதி போச்சு. எழுதிண்டே இருக்கேன், காயிதத்துல பாதி இல்லை. அப்பறம் மீதியும் போச்சு. அவ்வளவுதான், கேட்டேளா? ரொம்ப நாள் எடுத்துக்கலை."

இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இப்போது அது என் கதையாகிவிட்டது. முதலில் தலைவலி, அப்புறம் பாதி, அப்புறம் மீதி. பெரியப்பாவுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்தேன். எனக்கும் அவ்வளவுதான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊரெல்லாம் மந்திரிசபை பற்றிப் பேச்சு. எனக்கு அடுத்த வருஷ நவராத்திரிக் கொலுவைப் பார்ப்பேனா என்பதுதான் கவலை.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினேன். கூடத்திலிருந்து கிணற்றடிக்குச் சுவரைத் தொடாமல் போவேன். உப்பு ஜாடி எது, புளி ஜாடி எது என்று தடவிப் பார்ப்பேன். பாடப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து நெட்டுருப் போட ஆரம்பித்தேன். கண் போனாலும் இந்தக் குட்டி கெட்டிக்காரி என்று யாராவது சொல்வார்கள் அல்லவா? பதினான்கு வயதில் மூளை எப்படியெல்லாம் போகிறது என்று இப்போது சிரிப்பாக இருக்கிறது.

சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள். அது நிச்சயம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தும்மல் வந்தாலே படித்ததால் வந்தது என்பார்கள். கண் போகப் போகிறவளை எவன் கல்யாணம் செய்துகொள்வான் என்பது அதற்கு அடுத்த பயம். பெரியப்பா மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய பயம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பாள். கண்ணுக்கு அதிபதி சூரியன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. விடிந்ததும் குளித்து, முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்று, கையில் தண்ணீர் எடுத்துச் சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி அதை விடவேண்டும். அப்புறம் பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரே ஒரு வேளை, உப்பில்லாத சாப்பாடு. பெரியப்பாவின் கண்ணுக்காக அம்மா விரதம் இருக்கிறாள் என்று தெருவே புகழும். மச்சினருக்காக எவள் பட்டினி கிடப்பாள் என்பார்கள். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். அடக்கம் என்று அதற்கும் ஒரு புகழ்.

நானும் ஞாயிற்றுக்கிழமை ஒருபொழுது இருக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உனக்கு எதுக்குடி?"

"பெரியப்பா கண்ணுக்காக."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கறிகாய் நறுக்கப் போய்விட்டாள். பெரியப்பாதான் ஜன்னலோரத்திலிருந்து சிரித்தார். "என் பேரைச் சொல்லி ரெண்டு பேர் பட்டினி கெடக்கறேள். எனக்கு இன்னும் ஒரு மண்ணும் தெரியலை" என்றார்.

முதல் ஞாயிறு சூரியனைக் கண் கூசக் கூசப் பார்த்தேன். பதினோரு மணிக்குப் பசியில் காதடைத்தது. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பல்லுக் கோடு வந்தது. அதன் பின்னாலேயே வலியும் வந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. மாதத்தில் ஒரு தடவை வந்துகொண்டிருந்தது வாரா வாரம் வர ஆரம்பித்தது. மூளை உள்ள யாரும் சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் என்றால், சாமிக்கு இந்த விரதம் போதவில்லை. அதனால் ஏகாதசியையும் சேர்த்துக்கொண்டேன். ஏகாதசியன்றும் வலி வந்தது. அப்படியானால் சாமி என்னைக் கைவிட்டுவிட்டது என்று முற்றத்தில் நின்று அழுதிருக்கிறேன். ஒன்றரை வருஷம் என்பது ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது போல இருந்தது.

ஐந்தாம் பாரம் தொடங்கிய சமயம், ஓர் ஏகாதசி பள்ளிக்கூட நாளில் வந்தது. முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். மலையாள வகுப்பில் டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி வாசித்தேன். மூன்றாவது வரியில் பாதி இல்லை. இருந்த பாதியை மட்டும் வாசித்தேன். வகுப்பு சிரித்தது. நெட்டுருப் போட்டதை வைத்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை. கை மரத்துப் போயிற்று. இதுவரை கை மரத்ததில்லை. மீதியும் போகப்போகிறது, இன்றைக்கே, இங்கேயே என்று தோன்றியது. "எனக்குக் கண் தெரியலை" என்று தமிழில் கத்தினேன். அதற்கப்புறம் பெஞ்சின் மேல் விழுந்தது தெரியும்.

பள்ளிக்கூடத்து ஆயா என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அப்பா கச்சேரிக்குப் போயிருந்தார். ஆயா வாசலிலேயே நின்று, "குட்டிக்குக் கண்ணு காணுந்நில்லா" என்றாள். அம்மாவின் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை, வலியில் கண்ணை மூடியிருந்தேன். ஆனால் அவள் செய்ததைச் சொல்கிறேன். தனியாகக் கோயிலைத் தாண்டிப் போகாதவள், அப்பா வரட்டும் என்று சொல்லவில்லை. குடையை எடுத்தாள். புடவைத் தலைப்பால் என் கண்ணை மூடி, கிழக்கே கோட்டைப் பக்கம் இருந்த ஒரு டாக்டரின் டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப்போனாள்.

டாக்டர் மலையாளி, வயதானவர். விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். அதற்குள் பார்வை திரும்பியிருந்ததால் எண்ணினேன். பிறகு என்ன தெரிந்தது என்று விவரமாகச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தால் குருடு என்று அவர் சொல்லிவிடுவார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா சொன்னாள்.

"மொதல்ல ஒரு பொட்டு வெளிச்சம் வரும். அப்படியே வளைஞ்சு பெருசாகும், பல்லுப் பல்லா, தேங்கா துருவற பல்லாட்டம். அதுக்கு உள்ளுக்க இருக்கறது ஒண்ணும் தெரியாது. எதிர்க்க நிக்கறவா மூஞ்சி பாதி இருக்காது. கண்ணை மூடிண்டாலும் அந்த வெளிச்சம் போகாது. அது போனப்பறம்தான் வலி."

டாக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"இவதான் சொன்னா" என்றாள் அம்மா.

நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணை மூடினாலும் வெளிச்சம் போகாது என்பதை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

டாக்டர் அதற்கு மேல் அம்மாவைக் கேட்கவில்லை. பெரியப்பாவுக்குக் கண் போனதை மட்டும் அம்மா சொன்னாள். இதற்குச் சென்னிக்குத்து என்று பேர், தமிழில் ஒற்றைத் தலைவலி என்பீர்கள், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, பெரியப்பாவுக்கு வந்தது வேறு வியாதி என்றார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். ஏகாதசி என்றேன். சூரியனைப் பார்ப்பதையும் சொன்னேன். மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், வெயிலை முறைத்துப் பார்க்கக் கூடாது, இரண்டையும் விட்டால் பாதி குறையும் என்று மாத்திரை எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் சாலையோரத்திலேயே நின்றுவிட்டேன். "உனக்கும் வருமா?" என்றேன்.

"நட. வெயில்."

"சொல்லு."

"வரும்."

"எப்போலேருந்து?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியேருந்து. கல்யாணம் ஆகி வந்த வருஷம்தான் உங்க பெரியப்பாவுக்குப் பாதி போச்சு. அன்னிக்கு நான் வாயைத் தெறந்து எனக்கும் அப்படித்தான் இருக்குன்னா என்ன பண்ணியிருப்பா? வண்டி வெச்சு நாகர்கோவில்ல எங்கப்பா ஆத்துக்கே கொண்டு விட்டிருப்பா. அப்பறம் சொல்ல சந்தர்ப்பமே வரலை."

ஞாயிற்றுக்கிழமை விரதமெல்லாம் பெரியப்பாவுக்காக இல்லை. தெரு முழுக்கப் புகழ்ந்ததை இத்தனை வருஷமும் தலை குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் அதே பொய்யை அவளிடமே சொன்னபோது புரிந்ததா என்று கேட்டேன்.

"சம்சயமா இருந்தது" என்றாள்.

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா ஆமான்னுடுவியோன்னு பயமா இருந்தது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, எனக்கும் இப்படித்தான் இருக்கிறது, எனக்குக் கண் போகவில்லையே என்று. ஒரு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கமாட்டேன். வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை. குடைக்குள்ளும் வரவில்லை. வந்ததும் அவள் போட்ட சாதத்தை, ஏகாதசியன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மாத்திரை வாங்க நான் மட்டும் போனேன். கிளம்பும்போது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேளு. பெரியவாளுக்கு இது ரொம்ப வருஷமா வந்துண்டிருந்தா கண்ணு போயிடுமான்னு. யாருக்குன்னு சொல்லாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குச் சொன்னது. அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "சாதாரண போகில்லா" என்றார். வழக்கமாகப் போகாது என்று அர்த்தம். பேனாவை மூடிவிட்டு, ஆனாலும் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, வயதானால் வேறு ஏதாவது சேர்ந்திருக்கலாம், அம்மையைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் தெருமுனை திரும்பும்போதே அவள் முகம் தெரிந்தது. அந்த மாதிரி முகத்தை அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில்தான் பார்த்திருக்கிறேன்.

"என்ன சொன்னார்?"

"போகாதாம்."

"நன்னா கேட்டியோ? ரொம்ப வருஷம்னு சொன்னியோ?"

"சொன்னேன். போகவே போகாதுன்னார்."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் அவள் டாக்டரிடம் வரமாட்டாள், பழையபடி பயப்படத்தான் செய்வாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா விரதத்தை விட்டாள். மூன்று வேளையும் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். அம்மாவின் கண் கடைசிவரை போகவில்லை என்று இப்போது எழுதிவிடலாம். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? வலி குறைந்ததே தவிர அடியோடு நிற்கவில்லை. அது வருகிற நாளில் அம்மா பயமே இல்லாமல், "விருந்தாளி வந்துடுத்துடி, நீ சமையலைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வாள். நான் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டு நிற்பேன். அவள் எழுந்து வந்து, நான் கையில் வைத்திருப்பது என்ன என்று அவளாகவே பார்த்துச் சொல்லும்வரை எனக்கு உயிர் திரும்பாது.