இடுப்பில் பிள்ளை இல்லாதவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகிப் பல வருடம் கழிந்தும் எனக்குப் பிள்ளை இல்லை. பம்பாய் தாராவியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் சால் முழுக்க அதை என் குறை என்றுதான் பேசியது. தோல் பட்டறையில் வேலை பார்த்த என் புருஷனிடம் டாக்டரைப் போய்ப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம் அவருக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள்.

"இந்தக் கொடைக்கு அம்மனுக்குப் பிள்ளை உருவாரம் வையி. அடுத்த கொடைக்குள்ள ஒண்ணும் தங்கலன்னா அவளைக் கூட்டியாந்துருவேன்" என்றாள். எங்கே கூட்டி வருவாள்? நாங்கள் மூன்று பேர் படுக்கும் அதே அறைக்கு.

கொடை என்பது வருஷா வருஷம் வரும் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. உருவாரம் என்பது வேண்டுதலுக்கு வைக்கும் மண் பொம்மை. கால் வலி என்றால் மண்ணில் கால். பிள்ளை வேண்டும் என்றால் மண்ணில் பிள்ளை. நோயாளிக்காக என்றால் முழு ஆள்.

கொடைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் பக்கம் மியூசியம் பார்க்கப் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணால் செய்த பெண் நின்றாள். சாண் உயரம். விசிறி மாதிரித் தலை அலங்காரம், கழுத்து நிறைய மாலை, உருட்டி ஒட்டிய கண். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானை முடிச்சில் இருந்த குங்குமத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துவிட்டாள்.

"ஏ மௌசி!" என்று மராத்தியில் சித்தி முறை வைத்துக் காவலாளி கத்திக்கொண்டு வந்தான்.

பக்கத்தில் நின்ற, மாட்டுங்காப் பக்கத்துப் படித்த தமிழர் ஒருவர் சிரித்தார். "ரொம்பப் பழசு, மாமி. தாய் தெய்வமா இருக்கலாம், குழந்தை வரத்துக்காகப் பூஜை பண்ணியிருக்கலாம்னு எழுதியிருக்கு."

"கேட்டியாட்டி? கும்புடு!"

நான் கும்பிடவில்லை. "இருக்கலாம்னா அவங்களுக்கே தெரியாதுன்னுதான அர்த்தம்? இடுப்புல பிள்ளை எங்க, அத்தே? கையிலயும் இல்ல. நகை போட்டுக்கிட்டுச் சும்மா நிக்கா. பொம்பளைன்னா தாயாத்தான் இருக்கணுமா?"

மாமியார் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கும்பார்வாடாவுக்குப் போனேன். அங்கே பானை செய்கிற குஜராத்திக்காரரிடம் ஒரு பெண் பொம்மை கேட்டேன். செய்து முடித்துவிட்டு, "பச்சா கிதர்?" என்றார், பிள்ளை எங்கே என்று.

"பச்சா நஹி. அகேலி" என்றேன். பிள்ளை இல்லை, தனியாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சூளையில் வைத்தார்.

கொடையன்று அம்மன் முன்னால் வரிசையாகப் பிள்ளை உருவாரங்கள். நடுவில் என் பொம்மையை வைத்தேன்.

"பிள்ளை எங்கட்டி?" மாமியார் குரலுக்கு மேளமே நின்றுவிட்டது.

"இது பிள்ளைக்கு இல்ல, அத்தே. எனக்கு. நான் நல்லாருக்கணும்னு வச்சேன்."

"பாருல, இவ திமிர! இப்பமே சொல்லுல, ஊருக்கு எப்பம் டிக்கெட் எடுக்கே?" என்று மகன் பக்கம் திரும்பினாள்.

என் புருஷனுக்குப் பதில் நான் சொன்னேன், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

"டிக்கெட் எடுங்க. அதுக்கு முன்னால ரெண்டு பேரும் டாக்டர்ட்ட போவோம். குறை எம்மேலன்னு டாக்டர் சொன்னா, அந்தப் பொண்ண நானே ஆரத்தி எடுத்துக் கூப்பிடுதேன்."

யாரோ சிரித்தார்கள். அது என்னைப் பார்த்து இல்லை.

அவர் டாக்டரிடம் வரவில்லை. டிக்கெட்டும் எடுக்கவில்லை. அடுத்த கொடை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, அந்தப் பெண் வரவில்லை. எனக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. அம்மன் உன் வேண்டுதலைக் கேட்கவில்லை பார் என்று சாலில் சிலர் சொன்னார்கள். கேட்டாள். நான் பிள்ளை கேட்கவே இல்லையே.