குரல் இல்லாத பாட்டு

1987-ஆம் வருடம். புளியங்குடியில் வாக்கப்பட்டிருந்த நான், கப்பலில் வேலை பார்த்த தம்பி லீவில் வந்தால் போதும், சங்கரன்கோவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். அந்த முறை ஜமைக்காவில் வாங்கினேன் என்று ஒரு கேசட் கொண்டுவந்திருந்தான். போட்டுக் கேட்டால் பாட்டுக்குப் பாட்டு ஒரே அடி, ஒரே தாளம். பாடுகிற குரல்தான் மாறியது.

"ஏலே, உன்னை நல்லா ஏமாத்திட்டானுவ. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிஞ்சு குடுத்திருக்கானுவ" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். "அங்கன அப்படித்தான்க்கா. இதுக்குப் பேரு ரிட்டிம். ஒருத்தன் தாளத்தைப் போட்டு வச்சிருவான். யாரு வேணும்னாலும் அதுமேல அவங்கவங்க கதையைப் பாடலாம்."

ஒருவன் தன் பெருமையை அளந்தான். ஒருவன் கடவுளைக் கூப்பிட்டான். ஒரு பெண் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கினாள். அர்த்தமெல்லாம் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த பயணத்தில் அவன் கடலில் தவறி விழுந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. துக்கம் கேட்கத் துஷ்டிக்கு வந்த பெண்களுக்கு யாரைச் சுற்றி உட்கார்ந்து அழுவதென்றே தெரியவில்லை. அம்மா ஏற்கெனவே காலமாகியிருந்தாள். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்த அப்பாவோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்த மறுநாளே தறிக்குக் கிளம்பிவிட்டார். பெற்ற மனமா இது? ஊருக்குப் போனால் இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நான் புறப்படுகிற அன்று சாயங்காலம், தம்பி ஞாபகத்தில் அந்தக் கேசட்டைப் போட்டேன். எல்லாரும் பாடி முடித்தபின் கடைசியில் வெறும் தாளம் மட்டும் ஓடியது. அந்நேரம் அப்பா, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு உள்ளே வந்தார்.

"இதுல யாரும் பாடலையா?"

"இல்ல. யாரு வேணும்னாலும் பாடலாம்னு தம்பி சொன்னான்" என்றேன் வெடுக்கென்று.

டேப்ரெக்கார்டர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "தண்ணிக்குள்ள என்னலே செய்யுத... உனக்குக் குளிருமே ராசா... வந்துருலே..." என்று அந்தத் தாளத்தின் மேலேயே இழுத்து அழ ஆரம்பித்தார். எங்கள் பக்கம் ஆண்கள் ஒப்பாரி வைத்து நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. பலநாள் பாடிப் பழகியது போல வந்துகொண்டே இருந்தது.

கேசட் ஓடி முடிந்தது. நான் தேம்பிக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன்.

"தெனமும் தறி ஓடும்போது இப்படித்தான் அழுதேன் மக்கா. அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காதுல்லா" என்றார்.

அன்று நான் பஸ் ஏறவில்லை. இன்றும் துஷ்டி வீட்டில் யாராவது கல்லுப்போல உட்கார்ந்திருந்தால், இவர் எங்கே போய் அழுகிறாரோ என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.