ஜவ்வாது மலை பஸ்ஸில் மடிக்கு வந்த மூட்டை

போளூர் பஸ் நிலையத்திலிருந்து காலை ஏழு மணிக்கு ஜமுனாமரத்தூர் பஸ் கிளம்பும் என்றார்கள். அரை மணி முன்னதாகவே போய் ஜன்னலோரமாக இடம் பிடித்துவிட்டேன். எண்பத்திரண்டாம் வருஷம், தை மாதக் கடைசி. மலைமேல் மாட்டு டாக்டராக இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் சம்பந்தம், ஆகாசத்தில் போகிறவனுக்கு மலை ஏற வழி தெரியவில்லையா என்று பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வான். அவன் வாயை அடைக்கத்தான் இந்தப் பயணம்.

ஆகாசத்தில் போகிறவன் என்று அவன் சொன்னது என் பிழைப்பை. மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் நடுவே பறக்கிற விமானங்களில் பயணிகளைக் கவனிக்கும் வேலை எனக்கு. காப்பி கொடுப்பதும் மிட்டாய்த் தட்டு நீட்டுவதும்தான் எங்கள் வேலை என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பொழுது அவர்களுடைய கைச்சுமையோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஊறுகாய் ஜாடி, பித்தளைக் குடம், முறுக்குத் தகரம் எல்லாம் ஏறும். ஒரு தடவை ஒரு மாமி அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றித் தலைக்கு மேல் தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார். விமானம் ஒரு குலுங்கு குலுங்கினால் கீழே இருப்பவர் மண்டை என்னாவது?

அதனால் எங்களுக்குச் சட்டம் உண்டு. கனமான பை முன் சீட்டுக்கு அடியில் போகவேண்டும், நடைவழியில் எதுவும் கிடக்கக்கூடாது, கிளம்பும்போது மடியில் மூட்டை கூடாது. இதையெல்லாம் கதவு மூடுமுன் பார்த்து முடிப்பது எங்கள் பொறுப்பு. பைக்கும் அதற்குள் இருப்பதற்கும் அவரவர்தான் பொறுப்பு. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பையைக் கையால் தொடக்கூடாது என்பது விமானக் கடத்தல் பேச்சு வந்த பிறகு சேர்ந்த சட்டம். இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ஜமுனாமரத்தூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. கண்டக்டர் முனிரத்தினம் ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் பெரிது. என் பக்கத்தில் கலசப்பாக்கத்துப் புளி வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார். மலையில் புளி உலுக்கும் காலம் நெருங்குகிறது, மரம் பார்த்து விலை பேசப் போகிறாராம். போளூரைத் தாண்டுவதற்குள் அவர் மடியில் ஒரு உப்பு மூட்டையும், காலைக் கட்டிய ஒரு கோழியும், காம்பில்லாத ஒரு மண்வெட்டியும் வந்து சேர்ந்திருந்தன. ஒன்றும் அவருடையதல்ல. நின்றவர்கள் கேட்காமலே வைத்தார்கள், அவரும் பேச்சை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டார். எனக்கு அதுவே தாங்கவில்லை. என் தோல் பையை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எட்டு மணி வாக்கில் அத்திமூர் வந்தது. மலையடிவாரம். அங்கே ஏறிய கூட்டத்தைப் பார்த்து, பஸ் நகராது என்றே நினைத்தேன். பின்படியில் ஏறியவர்கள் உள்ளே வர முடியாமல் தங்கள் மூட்டைகளைத் தலைக்கு மேலாகக் கொடுக்க, அவை கை மாறிக் கை மாறி முன்னால் வந்துகொண்டிருந்தன. பழம்புடவையில் இறுக்கிச் சுற்றிய ஒரு மூட்டை நேராக என் முகத்துக்கு எதிரே வந்து நின்றது.

"யாருது இது?" என்று கேட்டேன்.

"பின்னாலேர்ந்து வந்துது, வாங்குங்க சார்" என்றார் நீட்டியவர்.

"நான் வாங்கமாட்டேன். அவங்கவங்க மூட்டையை அவங்கவங்களே வெச்சுக்கட்டும். திருப்பிக் குடுத்துடுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன் போலிருந்தது அவர்கள் பார்வை.

"இன்னா சார் இது" என்றார் புளி வியாபாரி, நிஜமாகவே அதிர்ந்துபோய். "குந்திக்கினு மடி இல்லேன்றீங்க?"

முனிரத்தினம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "சார், குந்தினவன் மடி நிக்கறவனுக்கு. இந்த வண்டிச் சட்டம் அதான். இஷ்டமில்லேன்னா நீங்க எழுந்து நில்லுங்க, மூட்டைக்காரங்க வந்து குந்தட்டும்."

சட்டம் என்ற வார்த்தையை என்னிடமே வீசுகிறாரே என்று எரிச்சல் வந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் என் தோல் பையை எடுத்துக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, மூட்டையை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். விசில் கேட்டது. பஸ் மலை ஏறத் தொடங்கியது.

இரண்டாவது வளைவில் மூட்டை அசைந்தது.

கோழி என்றுதான் முதலில் நினைத்தேன். மேல் துணியை விலக்கினால் ஒரு குழந்தை! இரண்டு மாதம் இருக்கும். பனிக்காற்றுக்காக முகத்தை மூடியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையை யார் கைக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் கொடுத்து அனுப்புவார்களா? மூட்டை மூட்டை என்று நான் தள்ளியது இதையா?

"ஐயோ, இது குழந்தை! யாருடைய குழந்தை?" என்று கத்தினேன்.

"ஏறினவ எவளோ ஒருத்தி" என்றார் புளி வியாபாரி, கோழியின் காலைச் சரி செய்துகொண்டே. "எறங்கறப்ப வாங்கிக்கினு போவா. தலைய மட்டும் நல்லா புடிச்சிக்குங்க."

எட்டே முக்கால் இருக்கும். பஸ் முனகிக்கொண்டே ஓரிடத்தில் நின்றது. பெரிய ஏத்தம் என்று பெயராம் அதற்கு. முழுப் பாரத்தோடு எந்த வண்டியும் அந்தச் சரிவில் ஏறாது. "நிக்கறவங்க எல்லாம் எறங்கு!" என்று முனிரத்தினம் குரல் கொடுத்தார். நின்றவர்கள் அத்தனை பேரும் வெறுங்கையோடு இறங்கி, பாறைகளுக்கு நடுவே மேலே போகும் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். பஸ் வளைந்து வளைந்து மேலே போய்க் காத்திருக்கும், இவர்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். மூட்டைகள் மடிகளிலேயே இருந்தன. என் மடியில் இருந்ததும்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. "நான் இறங்கி நடக்கிறேன், குழந்தையோட அம்மா வந்து உட்காரட்டும்" என்று எழப் பார்த்தேன்.

"சுமை வெச்ச மடி எழுந்திரிக்கக் கூடாது சார்" என்று தோளைப் பிடித்து உட்கார்த்தினார் முனிரத்தினம். "அவங்க பாதி தூரம் போய்ட்டிருப்பாங்க."

மேலே பனிமூட்டம். பஸ் ஒரு நாவல் மரத்தடியில் நின்றது. கால் மணி நேரத்தில் நடந்தவர்கள் இரண்டும் மூன்றுமாக வந்து ஏறினார்கள். பிறகு முனிரத்தினம் முன்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வந்தார். மடியில் இருக்கும் ஒவ்வொரு சுமையையும் விரலால் தட்டி, "இது யாருது?" என்று கேட்டார். கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் "என்னுது" என்பார். அடுத்த மூட்டைக்குப் போவார். தலை எண்ணுவது கிடையாது. உப்பு மூட்டை, கோழி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. குழந்தையின் காலை மெல்லத் தொட்டார்.

"இது யாருது?"

பதில் இல்லை.

இன்னும் உரக்கக் கேட்டார். பின்படிப் பக்கம் திரும்பியும் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. பெற்றவள் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போய்விட்டாளா? அப்படித்தான் என் புத்தி முதலில் போனது. அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

"சீ, இன்னா பேச்சு சார்!" என்று ஒரு பெண் சீறினாள். "எங்கியோ வுழுந்து கெடக்கறா. அதான் வரல."

யாரோ ஒருவர், கடைசியில் வந்த ஒருத்தி பாதையோரம் குந்தியதைப் பார்த்ததாகவும், மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து வந்துவிட்டதாகவும் சொன்னார். அவ்வளவுதான். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். முனிரத்தினமும் ஆறேழு ஆண்களும் பாதையில் கீழே ஓடினார்கள். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

என்னைத் திட்டிய பெண்ணே குழந்தையை வாங்கி, திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது தூங்கியதும் கொண்டுவந்து மறுபடி என் மடியிலேயே வைத்தாள். "நீங்களே வெச்சுக்கங்களேன், உங்ககிட்டதான் அழாம இருக்கு" என்று கெஞ்சினேன்.

"உங்க மடிக்கில்ல வந்துது?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

ஒன்பதரை மணிக்கு மேல் அவர்கள் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். ஒரு கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி அவளைத் தூக்கி வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. பெயர் சின்னப்பொண்ணு என்று ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் சொன்னார். அத்திமூர்ப் பக்கம் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறவள். உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சலைச் சொன்னால் அனுப்பமாட்டார்கள் என்று மறைத்துவிட்டு ஏறியிருக்கிறாள். பாதையைவிட்டு விலகி, ஒரு பாறைக்குப் பின்னால் சரிந்து கிடந்தாளாம்.

"பாதைல நின்னு பாத்தா தெரியல சார்" என்றார் முனிரத்தினம். "தேடினதால கெடைச்சா. கரடி பொழங்கற எடம் வேற. அடுத்த வண்டி சாய்ந்தரம்தான்."

கடைசி நீளச் சீட்டில் அவளைப் படுக்க வைத்தார்கள். முனிரத்தினம் எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நேரா ஆஸ்பத்திரி." அதன்பின் வழியில் எத்தனையோ நிறுத்தம் வந்தது. இறங்கவேண்டியவர்கள் தங்கள் வீட்டுக் கூரை ஜன்னலில் கடந்து போவதைப் பார்த்தபடி நின்றார்களே ஒழிய, ஒருவரும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. விமானம் கால் மணி தாமதமானால் என் சட்டையைப் பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான்.

ஜமுனாமரத்தூர், பகல் பதினொரு மணி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலேயே பஸ் நின்றது. அவளை இறக்கும்போது கண் திறந்தாள். நான் குழந்தையோடு பக்கத்தில் போனேன், கொடுத்துவிடலாம் என்று. முனிரத்தினம் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அந்த நிலையிலும் குனிந்து, குழந்தையைத் தொட்டு, அவளிடம் கேட்டார்.

"இது யாருது?"

அவள் உதடு இரண்டு தடவை வெறுமனே அசைந்தது. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

"என்னுது."

அதற்குப் பிறகுதான் என் மடிச்சுமை இறங்கியது. பக்கத்தில் புளி வியாபாரி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் எதைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நுரையீரலில் சளி கட்டிய காய்ச்சல், அந்தக் குளிரில் பகல் முழுக்கக் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மொச்சைக் காட்டிலிருந்து அவள் புருஷன் ஓடி வந்தான். சம்பந்தத்தின் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் தினமும் போய் எட்டிப் பார்த்தேன். பீமன் அருவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவன் அழைத்தும் எனக்கு மனம் போகவில்லை. கிளம்புகிற அன்று சின்னப்பொண்ணு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "யார்கிட்ட போவுதுன்னு பார்க்காம எப்படிம்மா புள்ளையக் குடுத்து வுட்ட?"

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "யாருன்னு எதுக்குங்க பாக்கணும்? குந்திக்கினு இருந்தவங்கதான?" என்றாள்.

மலையிறங்கும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் விமானத்தில் கதவு மூடுமுன் தலைகளை எண்ணுகிறோம், பைகளை அடுக்குகிறோம், அவரவர் சுமைக்கு அவரவர் பொறுப்பு என்று மூன்று மொழியில் சொல்கிறோம். தப்பென்று சொல்லமாட்டேன், ஆகாசத்துக்கு அந்தச் சட்டம் வேண்டும். இந்த மலை பஸ்ஸிலும் அத்திமூரில் நான் அதைத்தான் சொன்னேன். அந்த மூட்டை நான் சொன்னபடி பின்னால் திரும்பிப் போயிருந்தால், அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏத்தத்தில் நடந்திருப்பாள், பாறைக்குப் பின்னால் இருவருமாகச் சரிந்திருப்பார்கள். மேலே முனிரத்தினம் ஒவ்வொரு மடியாகத் தட்டிக் கேட்டிருப்பார், எல்லா மூட்டைக்கும் ஆள் பதில் சொல்லியிருப்பார்கள், வண்டி கிளம்பியிருக்கும். நானும் என் தோல் பையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், மலையை வேடிக்கை பார்த்தபடி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்திருப்பேன். அன்று அந்த பஸ்ஸில் என் பேச்சை ஒருத்தரும் கேட்கவில்லை.