சிபாரிசு கேட்காதவன்

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இருபதாவது விதி சொல்வது இது: தன் பணி சம்பந்தமான காரியத்துக்காக எந்த ஊழியரும் அரசியல் செல்வாக்கையோ வேறு வெளிச்செல்வாக்கையோ மேலதிகாரியிடம் கொண்டுவரக் கூடாது. குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் தலை நரைத்தவன் நான். இந்த விதியைக் காட்டி எத்தனையோ மெமோ தயாரித்திருக்கிறேன். குவார்ட்டர்ஸ் வேண்டும், மாற்றல் வேண்டும் என்று எம்.பி.யின் கடிதத்தோடு வருகிறவரின் கோப்பு அன்றிலிருந்து கனக்கத் தொடங்கும். அவருடைய காரியமும் சில சமயம் நடந்துவிடும் என்பது வேறு விஷயம். அதற்கு விதி கிடையாது.

இப்போது ஒஹாயோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே தேர்தல் முடிந்த பிறகும் வீட்டு வாசல்களில் வேட்பாளர் பெயர்ப் பலகைகள் பனியில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு டேல் வாசலில் நின்றது தோற்றவரின் பலகை. டேலுக்கு விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கும் வேலை. பட்ஜெட்டில் உடன்பாடு இல்லையென்று அந்தக் குளிர்காலத்தில் மத்திய அரசாங்கத்தையே மூடிவிட்டார்கள். அத்தியாவசியப் பணி என்று டேல் மட்டும் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வேலை போய்விடும். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் மத்தியானத்துக்குள் வாசலில் பந்தலும் மைக்கும் முளைத்திருக்கும். டேல் காலையில் கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார். மாலையில் சர்ச்சில் கொடுத்த மளிகைப் பையோடு திரும்புவார்.

அப்போதுதான் கோத்தகிரியில் என் தம்பி சுப்பு படுக்கையில் விழுந்தான். கல்லீரல் கெட்டுவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் உடனே கிளம்ப முடியாது. மகள் எனக்காகப் போட்ட நிரந்தரக் குடியிருப்பு மனு நிலுவையில் இருந்தது. அந்தச் சமயத்தில் முன் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனால் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மனைவி போன பிறகு குன்னூர் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவன் நான். மகளும் தனியாள். அவள் கம்பெனியில் மாதத்துக்கு ஒரு மேஜை காலியாகிக்கொண்டிருந்தது. பள்ளி பஸ்ஸிலிருந்து பேத்தியை இறக்க என்னை விட்டால் ஆளில்லை. திரும்பி வர வழி வைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். டாக்டர் சான்றிதழை இணைத்து அவசர அனுமதிக்கு விண்ணப்பித்தோம். குடியேற்ற அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் மூடப்படவில்லை. மூடியிருந்தால் பதில் வராததற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பனி தள்ளிக்கொண்டிருந்த டேலிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் ஆபீஸுக்குப் போன் செய்யுங்கள் என்றார், பிளம்பரைக் கூப்பிடச் சொல்வதுபோல.

“நீங்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லையே” என்றேன்.

“ஓட்டு என்னுடையது. இது அவருடைய வேலை.”

நான் அவருக்கு இருபதாவது விதியை விளக்கினேன். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு, “நீங்கள் அந்த வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆகிறது?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சுப்புவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியதில்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவன். ஒரு கோடையில் அவன் தெருவிலும் என் தெருவிலும் குழாய்த் தண்ணீர் நின்றது. நான் நகல்கள் சகிதம் மனு அனுப்பினேன். அவன் கவுன்சிலரின் ஜீப்பை மறித்து, கடைக்குள் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்குத் தண்ணீர் வந்தது. எனக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. அதை அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

படுக்கையிலிருந்தும் போனில் அதே குரல்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது. “ஏனுங்கண்ணா, அங்க கவர்மென்டுக்கே லீவுங்களாமா? டிவில சொன்னாங்க.”

சிரித்தேன். அனுமதி விஷயம் கேட்டான். முறைப்படி வரும் என்றேன்.

“அந்த ஊரு எம்.பி.கிட்ட ஒரு எட்டுப் போய்ச் சொல்றதுங்கண்ணா. சால்வை வேணும்னா நான் அனுப்பி உடறேன்.”

இங்கேயும் அங்கேயும் அதெல்லாம் தப்பு என்றேன்.

“சரீங்க. நீங்க ரூல்ஸ்படியே வாங்க. அதுவரைக்கும் நான் எந்த ரூல்ஸ்படி இருக்கோணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”

நான் விசாரணை எண்ணுக்குப் போன் செய்தேன். மனு வழக்கமான கால அளவுக்குள்தான் இருக்கிறது என்றது இயந்திரம். நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒப்புகை வந்தது. சுப்பு போனை வாங்குவதை நிறுத்திவிட்டான். அவன் மகள் செல்விதான் பேசினாள். அதற்குப் பிறகுதான் என் மகள் என்னைக் கேட்காமலே அந்த உறுப்பினரின் ஆபீஸைக் கூப்பிட்டு, போனை என் காதில் வைத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் குரல் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது. இந்த ஊரில் அது பதில் எதிர்பாராத கேள்வி. நான் தெரிந்தும், என் தம்பி செத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். அவள் நிதானமாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். யாருக்கு ஓட்டு, எந்த ஊர், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். “முதல் நாளே ஏன் எங்களைக் கூப்பிடவில்லை?”

அடுத்த நாள் சுப்பு போய்விட்டான்.

செல்வியின் வீட்டுக்காரர் போனைப் பிடித்து எல்லாவற்றையும் காட்டினார். மயானத்துக்குப் போகும் வழியெல்லாம் உறைபனியில் கருகிய தேயிலை. கூட்டத்தில் யாரோ, “அண்ணன் பாக்கறாருங்களா? மொகத்தைக் காட்டுப்பா” என்றார்கள். முகத்தைக் காட்டினார்கள். படம் நடுவில் உறைந்து நின்று, பிறகு நகர்ந்தது. அன்று மாலை டேல் ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்தார். சர்ச்சில் வாங்கிய பையிலிருந்து செய்தது என்று சொல்லாமலே தெரிந்தது.

அனுமதி கிடைத்துவிட்டது, வந்து பெற்றுக்கொள்ளலாம் என்ற பதிலை ஒரு மாலை மகள் வாசித்துக் காட்டினாள். செல்வியைக் கூப்பிட்டேன். தெருவில் யார் வீட்டிலோ குலவைச் சத்தம் கேட்டது. “நம்மூட்டுல இந்த வருஷம் பொங்கல் இல்லீங்க பெரியப்பா” என்றாள். “நீங்க எப்ப வந்தாலும் வாங்க.”

பதில் வந்த தேதியைக் குறித்துக்கொள்வது பழக்கம். இங்கே அப்போது மார்கழிக் கடைசி நாளின் இரவுச் சாப்பாட்டு நேரம். கோத்தகிரியில் தை ஒன்று விடிந்திருந்தது.