மூன்று கட்டையை ஐந்து என்றேன்

எட்டு மாதம் என் மனைவியை ஏமாற்றினேன். அவள் குரல் இறங்கிவிட்டதை அவளிடமிருந்தே மறைத்தேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் சொல்ல முடியவில்லை...

வைதேகி நாற்பது வருடமாகப் பாடுகிறவள். மயிலாப்பூர்க் கோயில்கள், நவராத்திரி, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம், அவ்வளவுதான். சுருதி ஐந்து கட்டை; எண் கூடக் கூடக் குரலும் உயரம். பாடுகிறவர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். சுருதியைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

அறுபத்தெட்டு வயதில் மேல் ஸ்தாயி அவளுக்கு எட்டாமல் போயிற்று. எம்புவாள், குரல் பிளக்கும். "தொண்டை கட்டிண்டிருக்கு" என்று மிளகை வாயில் அடக்கிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய சுருதிப் பெட்டி கெட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு சின்ன மிடி கீபோர்டு அனுப்பினாள். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை அழுந்தியது என்று லேப்டாப்புக்குச் சொல்லும்; ஒலியை எழுப்புவது அங்கிருக்கும் மென்பொருள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். தம்பூரா போன்ற ஒரு ஒலியைத் தேர்ந்து, விரலை எடுத்தாலும் நிற்காதபடி அமைத்துக் கொடுத்தேன். ஐந்தாவது வெள்ளைக் கட்டையை அவளே அழுத்துவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஒரு காலை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கோயிலுக்குப் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். திரையின் ஓரத்தில் 'டிரான்ஸ்போஸ்' என்றொரு கட்டம். அதில் ஒன்றைக் குறைத்தேன். இனி அவள் ஐந்தை அழுத்தினால் அரைக் கட்டை கீழே ஒலிக்கும்.

"ஏன்னா, கேட்டேளா? இன்னிக்கு மேல் பஞ்சமம் தொட்டுட்டேன்."

"கேட்டேன்."

"நாப்பது வருஷமா பேப்பருக்குள்ளேர்ந்துதான் பதில் வரும். நன்னா இருந்துதா, இல்லையா?"

"மிளகு வேலை செஞ்சிருக்கு."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா? அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் உண்மையோ...

இரண்டு மாதம் கழித்து இன்னொன்று குறைத்தேன். பிறகு மூன்றாவது. நாலுக்கும் மூன்றுக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது; கடைசியில் ஐந்தை அழுத்தினால் மூன்று கட்டை கேட்டது. கொடுமை என்னவென்றால், மூன்றில் அவள் மிக நன்றாகப் பாடினாள். முன்பு இல்லாத ஒரு நிதானம் அந்தக் குரலில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குரலோடு இன்னும் பத்து வருடம் பாடியிருக்க மாட்டாளா?

தைரியம் வந்து, தி.நகரில் ஒரு கோயில் மண்டபத்தில் நவராத்திரிக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டாள். "அந்த மண்டபத்துல எக்கோ அடிக்கும்" என்றேன். "உங்களுக்குப் பொறாமை" என்றாள்.

மேடையில் வயலின்காரர் கேட்டார்: "மாமி, சுருதி?"

"அஞ்சு."

முதலில் பாடும் வர்ணத்திலேயே அவள் கழுத்து நரம்பு புடைத்தது. வயலின்காரர் குனிந்து சொன்னது மைக்கில் விழுந்தது: "குறைச்சுண்டுடலாமா மாமி? ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். நேத்திக்குக்கூட ஆத்துல அஞ்சுலதான் பாடினேன்."

நான் முதல் வரிசையில் இருந்தேன். எழுந்து ஆறடி நடந்து, "மூணுல வையுங்கோ" என்று சொன்னால் போதும். எழவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். அவளுக்காக அல்ல, எனக்காக. மூன்றாவது பாட்டில் வெறும் காற்றுதான் வந்தது. மங்களத்தை வயலின் வாசித்து முடித்தது.

வீடு திரும்பியதும் அவள் முகம் கழுவப் போனாள். நான் அந்தக் கட்டத்தைப் பழையபடி சுழியமாக்கினேன். தடயத்தை அழித்தேன்! முதல் தவறுக்கு இரக்கம் என்று ஒரு பெயராவது வைக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மறுநாள் காலை அவள் ஐந்தை அழுத்தினாள். உண்மையான ஐந்து. குரல் உடைந்தது. ஒரே நாளில் போய்விட்டது என்று முடிவு செய்தாள். அவளுடைய அக்கா தொண்டைப் புற்றில் இறந்தவள்.

அடையாறில் ஒரு மருத்துவர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. வயசானா குரல் மெதுவா இறங்கும்."

"மெதுவா இல்லை டாக்டர். முதல் நாள் வரைக்கும் அஞ்சுல பாடினேன். இவரைக் கேளுங்கோ."

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் யோசித்தார். "அப்படின்னா ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

வரும் வியாழக்கிழமை ஸ்கேன். அதில் ஒன்றும் இருக்காது என்று உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்... அவள் சரியாகத் தூங்குவதில்லை. சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள்.

நேற்று இரண்டு டப்பாக்களைத் திறந்து முகரச் சொன்னாள். "ரசப்பொடி எது, சொல்லுங்கோ பார்ப்போம்."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இது" என்று ஒன்றைக் காட்டினேன்.

"பரவாயில்லை, பொழைச்சுப்பேள்" என்று மூடியைத் திருகி மூடினாள்.