தூசு பறக்காத ரம்பம் தேடிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிய கோலத்தில்தான் அக்காவைக் கடைசியாகப் பார்த்திருப்பீர்கள். வாசலில் நின்று நாலு வார்த்தை பேச அவருக்குப் பொறுமை இருக்காது. "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தம்பியாகிய நான் அவரைப் பற்றி எழுத இன்று காலையிலிருந்து மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டேன். அவர் போனதிலிருந்தே மனம் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

லிங்கி ஊருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஏழு ஆண்டு கழித்து நான். அப்பா பால் மரம் வெட்டினார், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பார். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்ட பிறகு குலை வெட்டினார். அவர் கீழே விழுந்து முதுகு போனபோது, அக்கா பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டு உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போனார். என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே சோறு தின்பார். உட்கார்ந்தால் எழ மனம் வராது என்பார்.

தோட்டத்தை முதலாளிகள் வீடு கட்ட விற்றதும் ராசா என்ற ஊருக்கு வந்தோம். அக்கா செண்டாயானில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பெண்கள் வண்ணம் பூசும் பக்கம்தான் இருந்தார்கள். அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு ரம்பத்துக்குப் போனார். பலகையில் வளைவாக வெட்ட உதவும் ஜிக்சா என்ற சின்ன மின்ரம்பம் அவர் கைக்கு அப்படியே படிந்தது.

அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மாமாவுக்கு நுரையீரல் நோய் முற்றியபோது அக்கா தொழிற்சாலையை விட்டு வீட்டோடு இருந்தார். வீட்டில் தூசும் புகையும் கூடவே கூடாது என்று மருத்துவர் சொன்னதால், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக்கூட நிறுத்தினார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பார்? பக்கத்துப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்க மரத்தில் தமிழ் எழுத்துகள் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். அக்கா உடனே சரி என்றார். பழைய ஜிக்சா ஒன்றைத் தேடிப்பிடித்து, கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு வெட்டத் தொடங்கினார்.

அங்கேதான் வினை வந்தது. கதவை எவ்வளவு சாத்தினாலும் தூசு உள்ளே போனது. மாமா இருமினார். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகம் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். வெளியே அக்காவின் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா ஓடிவந்து மாமாவுக்கு மருந்தை உறிஞ்சக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் ரம்பத்தை எடுத்து என் மோட்டார் சைக்கிளில் வைத்து, தெமியாங்கில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அன்று சாயங்காலம் தொலைபேசி வந்தது.

"மெஷின நீதான் எடுத்தியா?"

"ஆமாக்கா. மாமா உயிரு முக்கியமா, எழுத்து முக்கியமா?"

"அத என்கிட்ட கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல? நாள் முழுக்க அவரு மூச்சயே பாத்துக்கிட்டு நான் எப்படிடா உக்காந்திருக்கிறது? எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பழங்களை மாமாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த மூன்று வாரமும் அவர் கழுவிய தரையையே மறுபடி கழுவினார், அடுக்கிய அலமாரியையே மறுபடி அடுக்கினார் என்று மாமா சொன்னார்.

பிறகு அவரே அழைத்தார். "ஞாயித்துக்கிழம வா. கடைக்குப் போகணும். தூசு பறக்காத மெஷினு இருக்காம்."

நான்கு கடை ஏறி இறங்கினோம். பையில் ஒரு கறுப்புத் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தார். எந்தக் கடையானாலும் மேசையில் அதை விரித்து, மேலே பலகையை வைத்து, "வெட்டிக் காட்டுங்க" என்பார். முதல் கடையில் தூசுப் பை மாட்டிய ஒரு ரம்பத்தைக் காட்டினார்கள். பைக்குள் கொஞ்சம் போனது. மிச்சமெல்லாம் துணியில் மாவு சலித்ததுபோல் கிடந்தது. இரண்டாவது கடையில் இருந்தது, கோடு தெரிவதற்காகக் காற்றை ஊதித் தூசை விரட்டும் ரகம். "ஊதுறது எனக்கு எதுக்கு? உறிஞ்சணும்" என்று துணியை உதறி மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூன்றாவது கடையில் வெட்டிக் காட்ட மாட்டோம் என்றார்கள். அங்கே நிற்கவே இல்லை.

நான்காவது கடை ஒரு பாய் நடத்துவது. அவர் காட்டிய ரம்பத்தில் அலகின் முன்னால் கண்ணாடிபோல ஒரு மூடி இருந்தது. பின்னால், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை மாட்ட ஒரு வாய். பாய் நேராக ஒரு கோடு இழுத்து வெட்டினார். துணி கறுப்பாகவே இருந்தது.

"பாத்தீங்களாக்கா? சுத்தம் லா!"

"நேரா யாரு வேணாலும் வெட்டலாம் பாய். ழ வெட்டுங்க."

பாய் சிரித்துவிட்டார். "நமக்கு அது வராதுக்கா. நீங்களே வெட்டுங்க."

அக்கா பென்சிலால் 'ழ' எழுதி, தானே வெட்டினார். வளைவில் திரும்பும்போதெல்லாம் குழாய் முரண்டு பிடித்து ரம்பத்தை இழுத்தது. இன்னும் மெல்லிய, வளைந்து கொடுக்கும் குழாய் கேட்டார். பாய் உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். மறுபடி வெட்டினார். மேலே சுத்தம். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தூசு கோடாக இருந்தது.

"கீழ விழறத எந்த மெஷினும் பிடிக்காதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் பாய்.

ரம்பத்தை வாங்கிவந்து அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தார். பலகைக்கு அடியில் தடித்த நுரை அட்டையை வைத்து இரண்டையும் சேர்த்தே வெட்டினார். அடியில் விழும் தூசு அட்டை வெட்டிலேயே தங்கிவிட்டது. மேலே இருப்பதைக் குழாய் உறிஞ்சியது. ஆனாலும் இரண்டாம் நாள் மாமா மீண்டும் இருமினார். அக்கா பதறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகு உறிஞ்சும் இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தவர், "இங்க வந்து பாருடா" என்று கூப்பிட்டார். முன்னால் உறிஞ்சிய தூசில் மிக நுண்ணியதெல்லாம் பின்னால் புகைபோல வெளியே வந்துகொண்டிருந்தது. வீடு கூட்டுவதற்கென்று வாங்கிய சாதாரண இயந்திரம் அது. "இது தூசத் தின்னல, துப்புது" என்றார். மறுநாளே பாயிடம் போய், நுண்தூசையும் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ள ஒன்றை வாங்கி, அதையும் வீட்டுக்குப் பின்புறம் வைத்து, ஜன்னல் வழியாகக் குழாயை இழுத்துவந்தார். அன்று கதவைத் திறந்துவைத்தே வெட்டினார். மாமா இருமவில்லை.

"சத்தம் மட்டும்தான் வருது. வரட்டும். நீ இங்கதான் இருக்கேனு தெரியுது" என்றார் மாமா. அக்கா துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. என்னோடும் அன்றுதான் பழையபடி பேசினார்.

பாலர் பள்ளிக்கு எழுத்துகள் அனைத்தும் போய்ச் சேர்ந்தன. பிறகு வேறு பள்ளிகளும் கேட்டன. இரண்டு ஆண்டு அக்கா ஓயவில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலை, மாமாவின் மருந்து வாங்க மருத்துவமனையில் எண் எடுத்துக் காத்திருந்தபோது, அக்கா நாற்காலியிலிருந்து சரிந்தார். அப்போதுகூட மாமாவின் மருந்துச் சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாராம். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "தூசா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லை, மாரடைப்பு, ரத்த அழுத்தம் நெடுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். எங்கள் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் மாமாவின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தோம். அக்காவிடம் "உனக்கு எப்படி இருக்கு?" என்று நான் கேட்ட ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவர ஓராண்டாக முயல்கிறேன். கிடைக்கவில்லை.

சொல்லியனுப்பும் முன்பே வந்து நின்ற ராசா அக்கம்பக்கத்தாருக்கும், பதினாறாம் நாள்வரை சமைத்துக் கொடுத்த தோட்டத்துத் தோழிகளுக்கும், தொழிற்சாலையிலிருந்து வந்து அக்காவைச் சுமந்த நண்பர்களுக்கும், பாலர் பள்ளி ஆசிரியைக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமா இப்போது எங்களோடு தெமியாங்கில் இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டுவதும் நேரத்துக்கு மருந்து கொடுப்பதும் என் மனைவிதான்.

உங்கள் வீட்டிலும் நோயாளி ஒருவர் இருந்தால், அவரைக் கவனித்துக்கொள்பவரையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நான் போன வாரம் என் மனைவியை அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. தலை சுற்றுவதாக அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலயே" என்றாள்.